கைதிகள் எழுப்பிய மாநகரம்

உலகின் பெருநகரங்கள் பலவும் தத்தம் பிறப்பைப் பற்றிப் பெருமையாகக் கூறிக்கொள்ளும். ஒன்றை மாமன்னன் ஒருவன் தன் வெற்றியின் சின்னமாக எழுப்பினான் என்பர். மற்றொன்று புனிதர் ஒருவரின் கல்லறையைச் சூழ்ந்து வளர்ந்தது என்பர். வேறொன்று வணிகரின் மரக்கலங்களால் செழித்தது என்பர். ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் அமைத்த முதல் நகரமாகிய சிட்னிக்கு இத்தகைய பெருமை எதுவும் கிடையாது. அது சிறைச்சாலையாகப் பிறந்த நகரம்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து நாட்டுச் சிறைகள் நிரம்பி வழிந்தன. அதுகாறும் குற்றவாளிகளை ஏற்றி அனுப்புவதற்கு இடமாயிருந்த அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை பெற்றுக் கைநழுவிப் போயின. ஆகவே கண்காணாத தேசம் ஒன்று தேவைப்பட்டது. 1788-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள், ஆர்தர் பிலிப் என்னும் கடற்படைத் தலைவரின் கீழ் 11 கப்பல்களில் வந்த கூட்டம் சிறியதொரு கடற்குடாவில் இறங்கியது. வந்தவருள் 700 பேருக்கு மேற்பட்டோர் கைதிகள். அந்நாளில் இங்கிலாந்தின் உள்நாட்டு அமைச்சராயிருந்த சிட்னி பிரபுவின் பெயரே அந்தக் குடாவிற்கும் பின்னர் நகருக்கும் சூட்டப்பட்டது.

அந்நகரின் நடுப்பகுதிக்கு இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து, பழம்பெருங் கட்டடங்களைக் கண்டு வியந்து செல்கின்றனர். அவற்றுள் மிகப் பழையவை பல, விலங்கு பூண்ட கைகள் எழுப்பியவை என்பதை நினைக்குங்கால் உள்ளம் உருகாதிருக்க முடியாது. அவற்றைக் கண்டு ஒரு தலைமுறை வெட்கியது. மற்றொரு தலைமுறை அவற்றை இடித்துத் தள்ள முனைந்தது. பிறிதொரு தலைமுறை அவற்றைக் காக்கச் சிறை செல்லவும் துணிந்தது. இம்மனமாற்றம் எங்ஙனம் வந்தது? அதன் விலையைச் செலுத்தியவர் யார்? விடை காண, சிட்னியின் தெருக்களில் நாம் சற்றே உலாவி வருவோம்.

ஓடை காட்டிய வழி

தளபதி பிலிப் இவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒரு சிறு நன்னீர் ஓடை. வறண்ட காலத்தில் நீர் தேங்கி நிற்பதற்காக, அதன் கரையிலிருந்த மணற்பாறையில் தொட்டிகளை வெட்டினர். அதனால் 'தொட்டி ஓடை' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. நாற்பதாண்டுகளுக்குள் மக்கள் அதைச் சாக்கடையாக்கிவிட்டனர். இன்றும் அது வற்றிவிடவில்லை. வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அடியில், கண்ணுக்குப் புலப்படாமல், நிலத்தின் கீழ் ஓடிக்கொண்டிருக்கின்றது.

அவ்வோடையின் நீரை வெள்ளையர் வருவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பருகி வாழ்ந்தவர் கடிகல் என்னும் பழங்குடி மக்கள். அக்கடற்குடாவை அவர்கள் வாரேன் என்று அழைத்தனர். 1789-ஆம் ஆண்டில் பெரியம்மை நோய் பரவி, அம்மக்களுள் பெருந்தொகையினரைச் சில திங்களுக்குள் மாய்த்தது. கரையெங்கும் உடல்கள் கிடந்தன என்று அக்காலத்து அதிகாரிகளே எழுதிவைத்துள்ளனர். பிழைத்தவருள் பெனலாங் என்பவருக்கு 1790-இல் பிலிப் ஒரு முனையில் சிறு வீடு கட்டித் தந்தார். உலகப் புகழ் பெற்ற இசைநாடக மாளிகை இன்று நிற்பது அந்தப் பெனலாங் முனையிலேதான். டென்மார்க்கு நாட்டினரான ஜோர்ன் உட்சன் வரைந்து, 1973-இல் திறக்கப்பட்ட அம்மாளிகையின் வெண்ணிறக் கூரைகளைப் படத்தில் காணாதவர் அரியர். ஆனால் அம்மண்ணுக்குரிய மனிதனின் பெயரை அறிந்தவர் எத்துணைப் பேர்?

நகரின் முதன்மைத் தெருவாகிய ஜார்ஜ் தெரு, திட்டமிட்டு அமைத்த தெரு அன்று. கடற்கரையிலிருந்து செங்கற்சூளைகள் இருந்த இடத்திற்குக் கைதிகள் நடந்து நடந்து தேய்த்த பாதையே அது. இழுக்கக் குதிரையும் மாடும் போதாமையால், செங்கல் ஏற்றிய வண்டிகளை ஆட்களே இழுத்தனர். மெல்போர்ன் நகரின் தெருக்கள் சதுரங்கக் கட்டம் போல் நேராக இருக்க, சிட்னியின் பழைய தெருக்கள் சற்றே கோணியும் ஒடுங்கியும் காணப்படுவது இதனாலேதான். மனிதனின் காலடியே அங்கு நூல் பிடித்தது எனலாம்.

பிரிட்ஜ் தெருவும் பிலிப் தெருவும் சந்திக்கும் இடத்தில், நாட்டின் முதல் ஆளுநர் மாளிகை இருந்தது. அதைக் கட்டுவித்தவர் ஜேம்ஸ் பிளட்ஸ்வொர்த் என்னும் கைதிக் கொத்தனார். 1840-களில் அது இடிக்கப்பட்டு மறக்கப்பட்டது. 1983-இல் மண்ணை அகழ்ந்தபோது அதன் அடித்தளக் கற்கள் வெளிப்பட்டன. அவ்விடத்தில் எழவிருந்த வானளாவிய கட்டடத்தின் வரைபடத்தையே மாற்றி, அக்கற்களைப் பாதுகாத்து, 1995-இல் ஓர் அருங்காட்சியகம் அமைத்தனர்.

கள்ளக் கையொப்பமிட்டவரின் கைவண்ணம்

1810-ஆம் ஆண்டின் முதல் நாள் லாக்லன் மக்வாரி என்பவர் ஆளுநராகப் பொறுப்பேற்றார். இவர் நம் பகுதிகளுக்கும் அறிமுகமானவரே. 1796-இல் இலங்கையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய படையிலும், 1799-இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படையிலும் இருந்தவர். இவரே சிட்னியின் தெருக்களுக்கு ஒழுங்கான பெயர்களைச் சூட்டினார். அரசரின் பெயரால் ஜார்ஜ் தெரு. முன்னைய ஆளுநர்களின் பெயரால் பிலிப், ஹண்டர், கிங், பிளை தெருக்கள். தம் மனைவியின் பெயரால் எலிசபெத் தெரு. தம்மையும் மறந்தாரில்லை, மேட்டுத் தெருவுக்கு மக்வாரித் தெரு என்று பெயரிட்டார்.

அத்தெருவில் ஒரு மருத்துவமனை வேண்டும் என்றார் மக்வாரி. இலண்டன் அரசோ பணம் தர மறுத்தது. கையில் காசின்றி அவர் கண்ட வழி வியப்புக்குரியது. மூன்று செல்வர்கள் மருத்துவமனையைக் கட்டித் தருவதென்றும், அதற்கு ஈடாக 45,000 காலன் சாராயம் இறக்குமதி செய்து விற்கும் உரிமையை அவர்கள் பெறுவதென்றும் ஒப்பந்தமாயிற்று. குடியால் கெட்ட மக்களின் பணத்தைக்கொண்டே நோயாளிகளுக்கு வீடு எழுந்தது! 1816-இல் முடிவுற்ற அதனை மக்கள் 'ரம் மருத்துவமனை' என்றே அழைத்தனர். அதன் நடுக்கட்டு 1879-இல் இடிக்கப்பட்டது. வடகட்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சட்டமன்றமாகவும், தென்கட்டு நாணயச் சாலையாகவும் மாறின. அன்று மருத்துவமனையின் ஒரு கட்டாயிருந்த இடத்திலே இன்று சட்டங்கள் இயற்றப்படுகின்றன.

மக்வாரியின் மிகப் பெரிய துணிவு கட்டடங்களில் இல்லை. மனிதரை மதிப்பிட்டதில் உள்ளது. தண்டனைக் காலம் முடிந்தவன் மீண்டும் முழு மனிதனே என்பது அவர் கொள்கை. விடுதலை பெற்ற கைதிகளைத் தம் மேசையில் அமர்த்தி விருந்திட்டார். சிலரை நீதிபதிகளாகவும் அமர்த்தினார். கைதியாக வராத குடியேற்றத்தார் இதைக் கண்டு முகம் சுளித்தனர்.

இக்கொள்கையின் கனியே பிரான்சிஸ் கிரீன்வே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கட்டடக் கலைஞராயிருந்த இவர், பணமுடை நேர்ந்தபோது ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் பொய்யாக எழுதிய குற்றத்திற்காக 1812-இல் மரண தண்டனை பெற்றார். அது 14 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1814-இல் சிட்னி வந்தார். 1816-இல் மக்வாரி இவரையே அரசாங்கக் கட்டடக் கலைஞராக நியமித்தார். குற்றவாளியின் கையில் எழுதுகோலும் அளவுகோலும் தந்த அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

மக்வாரித் தெருவின் தென்கோடியில் நிற்கும் ஹைடு பார்க் கைதிகள் விடுதி கிரீன்வேயின் தலைசிறந்த படைப்பு. செங்கல்லால் ஆன மூன்று மாடி. அலங்காரம் மிகக் குறைவு. ஆயினும் அளவும் அமைப்பும் கண்ணை நிறுத்துகின்றன. நெற்றியிலே ஒரு கடிகாரம். அதன் முதற் கடிகாரத்தைச் செய்தவரும் ஜேம்ஸ் ஓட்லி என்னும் கைதியே. 1819-இல் திறந்த அவ்விடுதியில் 600 பேர் தங்க இடம். இரு கம்பங்களுக்கிடையே கட்டிய கித்தான் தூளிகளில் அவர்கள் உறங்கினர். விடியலில் மணியோசை கேட்டு எழுந்து நகரைக் கட்டச் சென்றனர். சில காலங்களில் இரு மடங்குக்கும் மேற்பட்டோர் அதில் அடைக்கப்பட்டனர்.

விடுதிக்கு எதிரே நிற்கும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் புனித யாகப்பர் ஆலயத்தை வரைந்தவரும் கிரீன்வேதான். முதலில் அது நீதிமன்றமாகவே திட்டமிடப்பட்டது. இலண்டனிலிருந்து விசாரணைக்கு வந்த பிக் என்னும் ஆணையர், கைதிகளின் குடியேற்றத்திற்கு இத்துணை அழகு தகாது என்று மக்வாரியின் கட்டடங்களைக் கண்டித்தார். அவர் தலையீட்டால் நீதிமன்றம் ஆலயமாயிற்று. மக்வாரி 1822-இல் மனம் நொந்து நாடு திரும்பினார். அதே ஆண்டில் கிரீன்வே வேலையினின்று நீக்கப்பட்டார். 1837-இல் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்கு அடையாளக் கல்லும் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1966-இல் ஆஸ்திரேலியா டாலர் நாணயத்தை ஏற்றபோது, முதற் பத்து டாலர் நோட்டில் யாருடைய உருவத்தை அச்சிட்டனர் தெரியுமா? பத்திரத்தில் பொய் எழுதியதற்காகத் தூக்குக் கயிற்றை நெருங்கிய அதே கிரீன்வேயின் உருவத்தைத்தான்! மன்னிப்பு என்னும் சொல்லுக்கு ஒரு நாட்டின் அரசாங்கம் எழுதிய உரை இது என்றே நாம் கருதுகிறோம்.

பசி துரத்திய பெண்கள்

1848-இல் அவ்விடுதியினின்று கைதிகள் வெளியேறினர். உடனே அதனுள் நுழைந்தவர் அயர்லாந்தின் அநாதைப் பெண்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அயர்லாந்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்த காலம் அது. அங்குள்ள ஏழை விடுதிகளிலிருந்து இளம் பெண்களைத் திரட்டி, 1848 முதல் 1850 வரை 4,000 பேருக்கு மேல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினர். அவர்களுள் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். சிட்னி வந்தவர்கள் இவ்விடுதியிலே தங்கி, வீட்டுப் பணிக்கு ஆள் தேடி வருவோரின் கண்முன் நின்றனர். அவர்களுடைய பேச்சையும் சமயத்தையும் வேலையறியாமையையும் செய்தித்தாள்கள் ஏளனம் செய்தன. அப்பெண்களே பின்னர் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் மனைவியராகி, எண்ணற்ற குடும்பங்களின் பாட்டிமார் ஆயினர்.

1862 முதல் 1886 வரை அதன் மேல்மாடியில் ஆதரவற்ற முதிய பெண்கள் வாழ்ந்தனர். பிற்காலத்தில் தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது, எலிகள் இழுத்துச் சென்று பதுக்கிய பொருள்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன: துணிக் கிழிசல்கள், ஊசிகள், நூல்கண்டுகள், கடிதத் துண்டுகள், செபமாலை மணிகள். வரலாற்றாசிரியர் எழுதத் தவறியதை எலிகள் காத்து வைத்தன! 2010-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம், ஆஸ்திரேலியாவின் 11 கைதிக் களங்களுள் ஒன்றாக இவ்விடுதியை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. விடுதியின் மதிலிலே 1999-இல் ஒரு நினைவுச் சின்னமும் அமைந்தது. மதிலை ஊடுருவி நிற்கும் ஓர் உணவு மேசை. அதன் மேல் ஒரு வெறுங்கிண்ணம். அருகில், கண்ணாடியில் பொறித்த அப்பெண்களின் பெயர்கள். இதற்கு விளக்கவுரை வேண்டுமோ?

குருவின்றிக் காத்த விசுவாசம்

நாடுகடத்தப்பட்டவருள் அயர்லாந்துக் கத்தோலிக்கர் பலர் இருந்தும், அவர்களுக்குக் குருக்களை அரசு அனுமதிக்கவில்லை. ஆங்கிலிக்கன் வழிபாட்டிற்குச் செல்லும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தியது. 1798 கிளர்ச்சியில் தொடர்புடையவர் என்று குற்றஞ்சாட்டிக் கைதியாக அனுப்பப்பட்ட ஜேம்ஸ் டிக்சன் என்னும் குரு, 1803 மே 15-ஆம் நாள் சிட்னியில் அரசின் இசைவுடன் திருப்பலி நிறைவேற்றினார். மறு ஆண்டில் அயர்லாந்துக் கைதிகள் கிளர்ந்தெழவே, அந்த இசைவு பறிக்கப்பட்டது. 1817-இல் தந்தை ஓ'பிளின் இசைவின்றி வந்தார். 1818-இல் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் செல்லுமுன், 1798 கிளர்ச்சியின் காரணமாக நாடுகடத்தப்பட்டிருந்த வில்லியம் டேவிஸ் என்பவரின் இல்லத்தில் நற்கருணையை விட்டுச் சென்றார் என்பதும், குருவில்லாக் காலமெல்லாம் பொதுமக்கள் அதன்முன் கூடிச் செபித்தனர் என்பதும் வழிவழி வந்த மரபு. அந்த டேவிஸ் அளித்த நிலத்தில்தான் புனித பாட்ரிக் ஆலயம் 1844-இல் திறக்கப்பட்டது. வானளாவிய கட்டடங்களின் நடுவே இன்றும் அது தாழ்மையுடன் நிற்கின்றது.

1820-இல்தான் அரசு ஒப்புதலுடன் தந்தை தெரி, தந்தை கொனொலி ஆகிய இருவர் வந்தனர். மறு ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், கைதிகள் விடுதிக்கு அண்மையில் புனித மரியன்னை ஆலயத்திற்கு ஆளுநர் மக்வாரி அடிக்கல் நாட்டினார். அவ்வாலயம் 1865 ஜூன் 29-ஆம் நாள் தீக்கிரையாயிற்று. பேராயர் போல்டிங் உள்ளம் தளரவில்லை. வில்லியம் வார்டெல் என்னும் கட்டடக் கலைஞரை அழைத்து, கோதிக் முறையில் புதிய பேராலயத்திற்கு வரைபடம் கேட்டார். 1868-இல் தொடங்கிய பணியின் முதற்பகுதி 1882-இல் திறக்கப்பட்டது. நடுக்கூடம் 1928-இல் முடிந்தது. முகப்பின் இரு கூர்ங்கோபுரங்களோ 2000-ஆம் ஆண்டில்தான், வார்டெல் வரைந்தபடியே ஏறின. வரைந்தவர் மறைந்து அப்போது 100 ஆண்டு கடந்துவிட்டது. தாம் காணப்போவதில்லை என்று அறிந்தும் கல் அடுக்கிய தலைமுறைகள் நான்கைந்து!

ஏனைய சமயத்தாரின் பழைய ஆலயங்களும் அங்கு அருகருகே உள. ஜார்ஜ் தெருவில் ஆங்கிலிக்கன் சபையின் புனித அந்திரேயா பேராலயம் 1868-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. எலிசபெத் தெருவில் யூதரின் பெரிய தொழுகைக்கூடம் 1878 முதல் நிற்கின்றது. பேராலயத்தை அடுத்த நகர மண்டபம் எழுந்ததோ ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தின் மீது. முதற் குடியேற்றத்தார் பலரின் எலும்புகள் அதன் அடியிலே உறங்குகின்றன.

மணற்கல்லும் சுண்ணக்கட்டியும்

சிட்னியின் பெருமைக்குரிய கட்டடங்கள் பலவும் பொன்னிற மணற்கல்லால் ஆனவை. அக்கல் நகரையடுத்த பிர்மாண்ட் என்னும் இடத்தில் வெட்டப்பட்டது. அங்கு உழைத்த ஸ்காட்லாந்துக் கல்தச்சர்கள் மூன்று சுரங்கங்களுக்கு இட்ட பெயர்கள் சுவையானவை. நல்ல கல் எளிதில் கிடைத்தது 'மோட்சம்'; அடுத்தது 'உத்தரிக்கிற ஸ்தலம்'; வெட்டுவதற்குக் கடினமானது 'நரகக் குழி'!

அக்கல்லால் எழுந்ததே மார்ட்டின் பிளேஸ் வெளியை நோக்கி நிற்கும் தலைமைத் தபால் நிலையம். 1866-இல் தொடங்கி 1891-இல் முடிந்தது. அதை வரைந்த ஜேம்ஸ் பார்னெட், பிட் தெருப் பக்கத்து வளைவுகளில் தொம்மாசோ சானி என்னும் இத்தாலியச் சிற்பியைக்கொண்டு உருவங்களைச் செதுக்குவித்தார். கிரேக்கத் தேவர்களை எதிர்பார்த்த பெரியோர் அங்குக் கண்டதோ, தபால்காரன் முதலிய சாதாரண உழைப்பாளிகளை, அவர்தம் அன்றாட உடையிலேயே! சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தது. உருவங்களைச் செதுக்கி எறிய வேண்டும் என்றனர். பார்னெட் அவற்றுக்காக வாதாடினார். உருவங்கள் இன்றும் உள்ளன. எதிர்த்தவர்களின் பெயர்களே மறைந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்றஞ்சி, 1942-இல் அதன் மணிக்கூண்டைக் கழற்றி வைத்தனர். 1964-இல் மீண்டும் ஏற்றினர்.

இத்தெருக்களைப் பற்றிப் பேசுங்கால் ஆர்தர் ஸ்டேஸ் என்பவரை விட்டுவிட முடியாது. வறுமையிலும் குடியிலும் உழன்ற இவர், 1930-இல் மனந்திரும்பினார். 1932-இல் ஒரு மறையுரையைக் கேட்ட நாள் முதல், அழகிய சாய்வெழுத்தில் 'எட்டர்னிட்டி', அதாவது 'நித்தியம்', என்ற ஒரே சொல்லைச் சுண்ணக்கட்டியால் நடைபாதைகளில் எழுதிவந்தார். எழுத்தறிவு மிகக் குறைந்தவர். விடியுமுன் எழுதி மறைந்துவிடுவார். எழுதுபவர் யார் என்பதே பல்லாண்டுகள் ஒருவருக்கும் தெரியாது. 35 ஆண்டுகளாக எழுதி 1967-இல் மறைந்தார். 2000-ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில், துறைமுகப் பாலத்தின் மீது ஒளி விளக்குகளால் மின்னியது அந்த ஏழையின் ஒற்றைச் சொல். மழையில் அழியும் சுண்ணாம்பு எழுத்து, கல்லைவிட நெடுநாள் நின்றது.

இடித்தவரும் தடுத்தவரும்

1957 வரை சிட்னியில் 150 அடிக்கு மேல் கட்டடம் எழுப்பச் சட்டம் இடந்தரவில்லை. அவ்வாண்டில் அத்தடை நீங்கியது. நிலத்தின் விலை ஏறியது. பழைய கட்டடங்களின் மதிப்பு இறங்கியது. கைதிகளின் காலத்தை நினைவூட்டும் கற்களை யார் விரும்புவர்? புகழ் பெற்ற ஆஸ்திரேலியா விடுதி 1971-இல் மூடப்பட்டு இடிபட்டது. டிராம் வண்டிகள் பழமை என்று கருதி 1961-இல் அடியோடு ஒழிக்கப்பட்டன. பின்னர்ப் பெரும் பொருள் செலவிட்டு, 2019-இல் ஜார்ஜ் தெருவில் தண்டவாளங்களை மீண்டும் பதித்து வண்டி விட்டனர் என்பது தனிக்கதை. 1898-இல் ஜார்ஜ் மக்ரே வரைந்து கட்டிய விக்டோரியா அரசி மாளிகை, ஒரு தெருக்கட்டு முழுவதையும் அடைத்து நிற்கும் அங்காடி. அதனை இடித்து மோட்டார் வண்டிகள் நிறுத்தும் இடமாக்கவும் திட்டமிருந்தது. நல்வினையால் அது தப்பியது. மலேசிய நிறுவனம் ஒன்று நெடுங்காலக் குத்தகைக்கு எடுத்துப் புதுக்கி, 1986-இல் திறந்தது.

கடற்குடாவின் மேற்கே பாறைமேடாக இருக்கும் 'ராக்ஸ்' என்னும் பகுதியே நகரின் மிகப் பழைய குடியிருப்பு. கப்பல் தொழிலாளரும் ஏழைகளும் அங்கு வாழ்ந்தனர். 1900-இல் பிளேக் நோய் பரவி நகரில் 103 பேர் இறந்தபோது, அரசு அப்பகுதியைக் கையகப்படுத்திப் பல வீடுகளை இடித்தது. 1932-இல் திறந்த துறைமுகப் பாலத்திற்காக, இரு கரைகளிலும் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிந்தன. வாடகைக்கிருந்தோர்க்கு இழப்பீடு இல்லை. எஞ்சியதையும் இடித்து அலுவலகக் கோபுரங்கள் கட்ட 1970-இல் ஓர் ஆணையம் அமைந்தது.

அப்போது எழுந்து நின்றவர் யார்? அறிஞர் கழகமா? செல்வரா? இல்லை. கட்டடத் தொழிலாளர் சங்கமே! 1971-இல், சிட்னியின் ஹண்டர்ஸ் ஹில் பகுதியைச் சேர்ந்த 13 இல்லத்தரசிகள், தங்கள் வீடுகளுக்கருகிலிருந்த ஒரு காட்டைக் காக்க எங்கெங்கோ முறையிட்டும் பயனின்றி, இச்சங்கத்தை நாடினர். சங்கச் செயலாளர் ஜாக் மண்டி பொதுவுடைமைக் கட்சியினர். அப்பெண்களோ வசதி படைத்த குடும்பத்தினர். கொள்கையால் எதிரெதிரானவர் ஒரே நோக்கில் ஒன்றுபட்டனர். சங்கத்தார் அங்கு வேலை செய்ய மறுத்தனர். இதுவே 'பசுமைத் தடை' எனப் பெயர் பெற்றது. ராக்ஸ் மக்களும் நாடவே, அங்கும் தடை விதித்தனர். இசைநாடக மாளிகைக்கு வண்டி நிறுத்தும் இடம் கட்டுவதற்காக வெட்டப்படவிருந்த பழைய அத்திமரங்களையும் காத்தனர். சில ஆண்டுகளுக்குள் இத்தகைய தடைகள் 40-ஐத் தாண்டின.

எண்ணிப் பாருங்கள். இடித்துக் கட்டினால்தான் அவர்களுக்குக் கூலி. அக்கூலியை வேண்டாமென்று கைகட்டி நின்றனர். 1973-இல் ராக்ஸ் தெருவில் மறியல் செய்த மண்டியையும் மற்றவரையும் காவலர் தூக்கிச் சென்றனர். தங்கள் உழைப்பு எதற்குப் பயன்படுகின்றது என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு என்பதே அவர்கள் வாதம். 1975-இல் அச்சங்கத்தின் தலைமை மாற்றப்பட்டது. ஆயினும் விதைத்தது வீணாகவில்லை. 1977-இல் மாநில அரசு மரபுச் சின்னங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1995-இல் வரலாற்று மாளிகைகளைப் பேணும் அரசு அறக்கட்டளைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் அதே ஜாக் மண்டி. கைதிகள் விடுதியும் அவ்வறக்கட்டளையின் பொறுப்பிலே இருந்தது. 2020-இல் அவர் மறைந்தார்.

கல் நின்றது, குடி பெயர்ந்தது

இத்துடன் முடித்தால் இனிய கதையாகும். ஆனால் மெய் அவ்வாறில்லை. ராக்ஸும் அதையடுத்த மில்லர்ஸ் பாயிண்டும் அழகுபெற்றபின், நிலத்தின் விலை கற்பனைக்கெட்டாத அளவு ஏறியது. 2014-இல் மாநில அரசு, அங்கு எளியோர்க்கு வாடகைக்கு விட்டிருந்த 293 வீடுகளை விற்கப்போவதாக அறிவித்தது. விற்ற பணத்தில் வேறிடங்களில் ஏழைகளுக்கு மேலும் பல வீடுகள் கட்டலாம் என்பது அரசின் வாதம். அதனை முற்றும் பொய்யென்று தள்ள முடியாது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த முதியோர், அண்டை அயலாரைப் பிரிந்து வெளியேறினர். பசுமைத் தடையின் பயனாக, பழைய குடியினர்க்கென்றே 1980-இல் கட்டப்பட்ட சிரியஸ் என்னும் அடுக்கு வீடும் 2019-இல் விற்கப்பட்டது.

சுவர்கள் காக்கப்பட்டன, அச்சுவர்களுக்காகப் போராடியோர் அங்கு இல்லை. இது வெற்றியா, தோல்வியா? பாதி வெற்றி என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒரு தெருவின் மரபு என்பது அதன் சன்னல்களும் சாய்கூரைகளும் மட்டுமன்று. காலையில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் மக்களும் அதில் அடங்குவர். கல்லைக் காக்கச் சட்டம் போதும். குடியிருப்போரைக் காக்க அன்பும் நீதியும் சேர்ந்த வேறொரு முயற்சி வேண்டும்.

எனினும் சிட்னியின் தெருக்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் தெளிவானது. பொய்ப் பத்திரம் எழுதியவரின் கை ஆலயத்தை வரைந்தது. பசியால் விரட்டப்பட்ட பெண்களின் மடியில் ஒரு நாடு தவழ்ந்தது. கூலிக்கு இடிப்பவர் என்று எண்ணப்பட்டோர், கூலியை இழந்து காத்தனர். நாம் யாரைப் பயனற்றவர் என்று ஒதுக்கித் தள்ளுகிறோமோ, அவர்கள் கையிலிருந்தே நம் பிள்ளைகள் போற்றப்போகும் செல்வம் வரக்கூடும். மக்வாரி ஒருவர் நம்பினார். ஒரு நகரம் எழுந்தது. அன்பர்களே, நம் வாசலில் நிற்பவரை நம்ப நாம் ஆயத்தமா?